வர்றது இறக்கம்

அக்கா: பையக் கீழ வை. டாக்சிக்காரன் காத்திருந்தா காத்திருக்கட்டும்.

தம்பி: அப்பா இறந்து மூணு நாளா என் மூஞ்சியப் பாக்கல நீ. வெளிநாட்டுக்குத் திரும்பக் கிளம்பறப்பதான் வாய் திறக்குதா?

அக்கா: திறக்கும்டா. ஒன்றரை மணி நேரம்! அங்க பத்துக்கு விமானம் ஏறினா இங்க பதினொன்றரைக்கு இறங்கிடுவான்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே அப்பா... எங்கடா அந்த ஒன்றரை மணி நேரம்?

தம்பி: அது கடிகாரத்துல பாக்கறதுதான்க்கா. அங்க பத்துன்னா இங்க ஏழரை. பறக்கறது நாலு மணி நேரம்.

அக்கா: இத இப்ப சொல்லு.

தம்பி: அவர்கிட்ட அப்பவே சொன்னேன். மூவாயிரம் கிலோமீட்டர்ப்பான்னேன். டிக்கெட்டுல விரல வச்சுக்கிட்டு, 'வர்றதுக்கு ஒன்றரை, போறதுக்கு ஆறரை... அப்ப வர்றது இறக்கம்டா, போறது மேடு'ன்னாரு.

அக்கா: லாரி ஓட்டின புத்தி! ...சிரிக்காத.

தம்பி: நீதான் சிரிக்கற.

அக்கா: ஏன்டா புரிய வைக்கல?

தம்பி: சந்தோஷமா இருந்தாருக்கா. 'பெரியவ பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள சின்னவன் பறந்து வந்துடுவான்'னு உன்னையே கிண்டல் பண்ணுவாரே. அதப் போய் எப்படி...

அக்கா: கெடுக்க மனசு வரல. நல்ல பிள்ளை! அந்தப் பொய்ய நம்பித்தான்டா நான் உக்காந்திருந்தேன். வரவேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னு டாக்டர் காலைலயே சொல்லிட்டாரு. போன எடுத்தேன். கையப் பிடிச்சுக்கிட்டாரு அப்பா. 'அவன் வேலையக் கெடுக்காத, மத்தியானத்துக்கு மேல கூப்பிடு. இறக்கம்தானே'ன்னாரு.

தம்பி: காலைலயேவா? காலைலயே தெரிஞ்சும் நீ...

அக்கா: கத்தாத.

தம்பி: கத்துவேன்! பகல்ல ஒரு விமானம் இருந்துச்சு. அதுல வந்திருப்பேன். நீ, மாமா, ரெண்டு பேர் கையிலயும் போன் இருக்கு. எவ்வளவு நேரமாகும்னு ஒருத்தருக்குப் பாக்கத் தோணலையா?

அக்கா: அப்பா சொன்னத நாம என்னைக்குடா சரிபாத்தோம்?

தம்பி: சரிபாத்த நானும் வாய மூடிக்கிட்டேன்.

அக்கா: டாக்சிக்காரன் வேற ஹாரன் அடிக்கறான். போ.

தம்பி: போறேன். அது ஒண்ணாவது கிடைச்சுதே எனக்கு. போதும்.

அக்கா: எது?

தம்பி: நீ போன அவர் காதுல வச்சியே. 'இறக்கத்துல வந்துட்டே இருக்கேன்ப்பா'ன்னு சொன்னேன்ல. தலையாட்டறாருன்னு சொன்ன. ஜன்னலப் பாத்துக்கிட்டு அந்த நாலு மணி நேரமும் அத நினைச்சுத்தான் உக்காந்திருந்தேன். நான் மேல இருக்கறப்பதான் உயிர் போயிருக்கும், ஆனா நான் வர்றேன்னு தெரிஞ்சு போயிருக்காருன்னு...

அக்கா: நேரமாச்சுடா. கிளம்பு.

தம்பி: எங்க மூஞ்சியத் திருப்பற?

அக்கா: பைய எடுன்னேன்.

தம்பி: வைன்னதும் நீதான், எடுன்னதும் நீதான். அக்கா... இங்க பாரு. அவர் தலையாட்டினாரா?

அக்கா: டாக்சிக்காரன் போயிடுவான்டா.

தம்பி: கேக்கறேன்ல!

அக்கா: உனக்கு நம்பர் போடறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டாருடா. ஒன்றரை மணி நேரம்தானே, நீ வந்து இறங்கற வரைக்கும் ஒரு பொய் தாங்கும்னு நினைச்சேன்.