மூணாவது வாட்டி

மஃரிப் பாங்கு முடிந்து இருட்டு இறங்குகிற நேரம். ஆம்பூரிலிருந்து நாயக்கனேரி மலைப்பக்கம் போகிற ரோடு. கடைசித் தெருவிளக்கைத் தாண்டினால் அப்புறம் வண்டி வெளிச்சம்தான்... ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு.

சுஹேல் அகமது அந்த ரோட்டில்தான் வீடு திரும்புவான். நம்ம தோஸ்த் ரஷீத் அஹமது இருக்கிறானே, அவன் தங்கச்சி கௌசரின் வீட்டுக்காரன். டேனரியில் தோல் ரகம் பிரிக்கிற வேலை. ஒரு தோலைப் புரட்டினால் போதும். எந்த ஆடு, எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள் கீறியது, எல்லாம் சொல்லிவிடுவான். தோப்போடு ஒரு ஓட்டு வீடு வாங்கிக் குடி வந்திருந்தான். அவன், கௌசர், நாலு வயசு இஃப்ரா.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. உள்ளே வந்து செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

பாயில் இஃப்ரா தூங்குகிறாள். தலைமாட்டில் கருப்பாக ஒன்று. பளபளப்பு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். கழுத்தில் கோடு இல்லை, சுத்தக் கருப்பு. கொஞ்சம் தள்ளித்தான் கோடு தொடங்குகிறது.

கட்டுவிரியன்.

அது கடித்தால் வலிக்காது. வீங்காது. தூங்குகிறவர்கள் அப்படியே தூங்கிக்கொண்டே...

கட்டையை எடுத்துவிட்டான். ஓங்கவில்லை. அவன் அம்மா ஜஹீருன்னிசா எப்போதும் சொல்வாள். வீட்டுக்குள் வந்ததை எடுத்த உடனே அடிக்காதே, ஜின்னும் அந்த உருவத்தில் வரும். மூணு ராத்திரி, மூணு வாட்டி, போகச் சொல்லு. ஜின் என்றால் மூணாவது வாட்டியோடு ஒரேயடியாகப் போய்விடும். அப்படியும் நின்றால் அது வெறும் பாம்பு, அடிக்கலாம்.

"ஜின்னா இருந்தா வெளிய போய்டு" என்றான்.

அது தலையைத் தூக்கியது. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. பிறகு சர்ர்... என்று வாசல்படி தாண்டிப் போனது.

கௌசர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "வாடகை வீடே நல்லா இருந்துச்சு. பச்சப் புள்ளய வெச்சிக்கினு இங்க இன்னா பண்றது?"

"பேஜார் ஆவாத. இன்னும் ரெண்டு வாட்டி. அதோட முடிஞ்சிடும்."

மறுநாள் இஃப்ராவைக் கட்டிலில் போட்டுக் கொசுவலையைச் சுற்றிச் செருகினார்கள். கௌசர் பால் காய்ச்சிவிட்டு வருவதற்குள் குழந்தை இறங்கித் தரையில் படுத்திருந்தது. தலைமாட்டில் அதே கருப்பு. அதே கழுத்து. சுஹேல் ரெண்டாவது வாட்டி சொன்னான். போனது.

மூணாம் நாள் அவன் கட்டையோடு காத்திருந்தான்.

பின்பக்கம் விறகு அடுக்கில் சரசரப்பு. ஓடினான். கௌசர் டார்ச்சோடு பின்னாலேயே வந்தாள். கருப்பு. வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் பார்த்தான். நாளெல்லாம் தோலைப் பார்த்தே சம்பாதிக்கிறவன்... அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

சொன்னான். அது நகரவில்லை. சுருண்டுகொண்டது.

அடித்தான். செத்த பிறகும் அடித்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்து முனிரத்தினம் வேலியோரம் வந்தார். "இன்னா பாய், கல்லு உடைக்கிறியா?"

"கட்டுவிரியன் அண்ணே. ஒழிஞ்சிது."

முனிரத்தினம் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அய்ய... இது பல்லி தின்னுற பாம்பு. விஷமே கெடையாது. இதுக்கா இவ்ளோ வீரம்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சுஹேல் குனிந்தான். கௌசர் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, குச்சியால் புரட்டினான். கழுத்திலிருந்தே கோடு. வால் பக்கம் வரவர மங்கி, ஒன்றுமே இல்லை.

இது வேற.

அப்படியென்றால், ரெண்டு வாட்டி சொன்னது ஒன்றிடம். மூணாவது வாட்டி சொன்னது...

வீட்டுக்குள் இஃப்ரா பேசுவது கேட்டது. மெதுவாக, ரகசியம் பேசுகிற மாதிரி. நடுவில் நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி பேசினாள்.

"யார் கூட பேசுறா?" என்றாள் கௌசர்.

உள்ளே ஓடினார்கள். இஃப்ரா பாயில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. டார்ச்சை மூலை மூலையாக அடித்தான். எதுவும் இல்லை.

"அப்பா, இவங்க கேக்குறாங்க. மூணாவது வாட்டி எப்போ சொல்லுவீங்கன்னு."

சுஹேல் உடனே சொல்ல வாயெடுத்தான். குழந்தை தாவி வந்து அவன் வாயைப் பொத்தியது. அந்தக் கை... அவ்வளவு சில்லென்று இருந்ததாம்.

"சொல்லாதீங்க அப்பா. சொன்னா இவங்க போய்டணுமாம். போனா என்னையும் கூட்டினு போவாங்களாம்."

அவன் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. வீட்டையும் விடவில்லை. ஒருதரம் ஆம்பூருக்கே போய்விடலாம் என்று ஆட்டோவில் ஏற்றினார்கள். வண்டி கிளம்புவதற்குள் இஃப்ராவுக்கு மூச்சு திணறியது. இறக்கி உள்ளே கொண்டுபோனதும் சரியாகிவிட்டது.

போன வாரம் ரஷீத் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தான். அவன்தான் நம்மிடம் சொன்னது. சுஹேல் பாதியாக இளைத்துவிட்டானாம். அந்த வீட்டில் யாரும் யாரையும் 'போ' என்று சொல்வதில்லையாம். விளையாட்டுக்குக்கூட.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்திருக்கிறான் ரஷீத். இஃப்ரா பாயின் ஓரத்தில், ஒட்டிப் படுத்திருக்கிறாள். மீதிப் பாய் காலி. அந்தக் காலிப் பக்கமாகத் தாண்டிப் போகலாம் என்று காலைத் தூக்கினான்.

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை.

"மாமூ... பாத்து. மிதிச்சிடாதீங்க."