நிலவறைக் கதவின் மேல் டிராக்டரை நிறுத்தியது பற்றி

பெயர் வெர்னெல் டட்டன். வயது 66. கணவர் காலஞ்சென்ற லூதர் டட்டன். தொழில் கோழிப்பண்ணை. விலாசம் பீச் க்ரீக் சாலை, அலபாமா மாநிலம்.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, பிறகு கிரேக்க ராணுவத்துக்கு இரவலாகப் போய், அங்கே வேலை முடிந்து திரும்பி வந்த எம்-ஒன் ரைபிள்களைச் சங்கத்தாருக்கு முறைப்படி விற்கிறார்கள். அப்படி வாங்கிய மூன்று ரைபிள்கள் என்னிடம் உள்ளன. அவற்றை வீட்டுக்குப் பின்னால் உள்ள புயல் வந்தால் பதுங்கும் நிலவறையில் வைத்திருக்கிறேன். தோட்டாக்களை வீட்டுக்குள் தனியாகப் பூட்டி வைப்பது வழக்கம்.

என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஹோலிஸ் மேபெரி, வயது 84, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் இருக்கிறார். கொரியச் சண்டையில் இதே ரக ரைபிளைச் சுமந்தவர், பிறகு சங்கத்தின் மூலம் ஒன்று வாங்கியவர். சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவர் என்னிடம் வந்து, ரைபிளை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டேன்.

"கழுத்துல அடையாள அட்டை மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான் வெர்னி. தப்பா வித்துட்டாங்களாம், கிரேக்கக்காரன் திருப்பிக் கேக்குறானாம். கவர்மென்ட்டு கேட்டு நான் என்னிக்கு இல்லேன்னேன்? பத்தொம்பது வயசுல என்னையே கேட்டுச்சு, போனேன்ல" என்றார். சொல்லும்போது ரைபிள் வார் கிடக்கும் இடத்தில், வெறும் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ரைபிள்களை எங்களுக்கு விற்ற கிடங்குக்குப் போன் செய்து, அப்படி யாரையும் அவர்கள் அனுப்பவில்லை என்று தெரிந்துகொண்டு, உங்கள் ஷெரீப் அலுவலகத்தில் புகார் சொன்னேன். ஆள் பெயர் தெரியாமல் எங்கே தேடுவது என்று கேட்டார்கள். அவன் என் வீட்டுக்கும் வருவான் என்றேன். வந்தான்.

வியாழக்கிழமை பிற்பகல், வானம் பச்சை கலந்த கறுப்பாக இருந்த நேரத்தில், டெரல் ஸ்வான்சி என்று இப்போது தெரியவரும் அந்த நபர் காரில் வந்து, அட்டையைக் காட்டி, ரைபிள்களைக் கொடுக்காவிட்டால் கைது செய்ய நேரிடும் என்றார். நான் மறுக்கவில்லை. குளிர்ந்த டீ கொடுத்தேன். குடித்தார். அதன் பிறகு, "எல்லாம் கீழ நிலவறையில இருக்கு தம்பி. எனக்கு முட்டி வலி. நீயே இறங்கி எடுத்துக்க" என்றேன். அவர் இறங்கியதும் இரும்புக் கதவுகளைச் சாத்தி, அவற்றின் மேல் டிராக்டரின் பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். அதன் பிறகு ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சுழற்காற்று எச்சரிக்கையால் எல்லோரும் வெளியே இருப்பதாகவும், ஆள் வரத் தாமதமாகும் என்றும் பதில் வந்தது.

போனை வைக்கும் முன்பே ஊரில் அபாயச் சங்கு ஊதியது. நான் வீட்டுக் குளியலறையில் பதுங்கியிருக்கலாம். ஆனால் காற்று டிராக்டரைப் புரட்டினால் அது கதவோடு உள்ளே விழுந்து அந்த நபரைக் கொன்றுவிடும் என்று தோன்றியதால், ஆலங்கட்டி மழையில் போய் டிராக்டரை நகர்த்தி, கதவைத் திறந்தேன். அவர் என் ரைபிள் ஒன்றைத் தடி மாதிரி ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத கீழ வை. காத்து வருது" என்றேன்.

"என்னை எதுக்குத் திறந்துவிடுறீங்க?"

"உன்னைத் திறந்துவிடலப்பா. நான் உள்ள வரேன். தள்ளி உக்காரு."

உள்ளே இறங்கித் தாழிட்டேன். சுழற்காற்றின் சத்தம் சரக்கு ரயில் தலைக்கு மேல் போவது போல் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவிக்கவில்லை. இதைப் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சத்தம் அடங்கும் சமயத்தில், கேட்காமலே, "அந்தத் தாத்தாவோடது கார் டிக்கியிலதாம்மா இருக்கு, இன்னும் விக்கல" என்றார்.

வெளியே வந்தபோது என் வீட்டுக்குக் கூரை இல்லை. கோழிக் கொட்டகைகளில் ஒன்று இல்லை. அவருடைய கார் பண்ணைக் குட்டையில் சக்கரங்கள் மேலே தெரியக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம், என்னால் துரத்த முடியாது. "பக்கத்துல ஹோலிஸ் இருக்காரு, வா" என்றேன். வந்தார்.

டிரெய்லர் கவிழ்ந்து கிடந்தது. ஸ்வான்சி சுவர்ப் பலகையைத் தோளில் தாங்கித் தூக்க, நான் ஹோலிஸை அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். ஹோலிஸுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தாலும் நல்ல நினைவோடு இருந்தார்.

"வெர்னி, இவன்தான் அந்தக் கவர்மென்ட்டு" என்றார்.

"இவன் கவர்மென்ட்டு இல்லேண்ணே."

"அப்புறம் எதுக்குடி என்னைத் தூக்குறான்?"

 உங்கள் ஆட்கள் வரும்வரை ஸ்வான்சி ஹோலிஸின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக அவர் வக்கீல் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அடைத்தது உண்மை. வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. அடைக்காமல் விட்டிருந்தால் அவர் அந்தக் காரில் இருந்திருப்பார். அவர் பலகையைத் தூக்கியதையும் நான் டிராக்டரை ஏற்றியதையும் ஒரே தாளில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீதிபதி இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும்.

குட்டையிலிருந்து எடுத்த ஹோலிஸின் ரைபிள் வழக்கு முடியும்வரை சாட்சிப் பொருளாக உங்களிடமே இருக்கும் என்றீர்கள். இருக்கட்டும். ஆனால் தண்ணீரில் ஊறியது, எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அவரை நானே அழைத்து வருகிறேன், உங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து துடைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அவர் கையில் கட்டு இருக்கிறது. ரைபிள் குழலை நான் பிடித்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தவும் முடியாது.

(ஒப்பம்) வெர்னெல் டட்டன்