காலர்காரர்

இல்லண்ணே, அவசரமே இல்ல. மெதுவாவே பண்ணுங்க. மூணே மூணு துணிதான, இதுக்காகப் போயிட்டுத் திரும்பி வருவானேன்னுதான். இந்த ஸ்டூல்ல உக்காரலாமா? ஆடுமா? ஆடாதுன்னா சரி. எனக்கு ஸ்டூலுன்னா கொஞ்சம் பயம், வேற ஒண்ணுமில்ல.

வெள்ளச் சட்டைய மொதல்ல எடுங்க, அப்புறம் நீலம். அடியில ஒரு கோட்டு இருக்கு பாருங்க, அது கடைசியா இருக்கட்டும். பழசு அது. கொஞ்சம் பாத்துத் தேய்க்கணும்.

அந்தத் தட்டு மேல இருக்கே டிவி, ஓடுமா? அப்போ வியாழக்கிழமை சாயங்காலம் வருதே அந்தக் கொலை சீரியல், பாப்பீங்கல்ல? பாக்க மாட்டீங்களா. ஒரு வாரம்கூடவா? ஆச்சரியமா இருக்குண்ணே. லாண்டரியில நடக்குற கதை, லாண்டரிக்காரங்க எல்லாரும் பாப்பாங்கன்னு நெனச்சேன். சரி விடுங்க. பாக்காதவங்ககிட்ட கதை சொல்றது ஒரு வசதி, குறுக்க பேச மாட்டாங்க.

நான் அந்த டிவி ஆபீஸ்லதான் வேலை பாக்குறேன். சேச்சே, நடிக்கிறதெல்லாம் இல்ல. இந்த மூஞ்சிய யாரு காட்டுவா? நேயர்ங்க போன் பண்ணா எடுத்துப் பேசுற வேலை. நாலு பேரு வரிசையா உக்காந்திருப்போம். காதுல ஒண்ணு மாட்டியிருக்கும், முன்னால ஒரு நோட்டு. யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதி வாரக் கடைசியில மேல குடுக்கணும். அதுலயும் மரியாதையா எழுதணும். உங்க தலையில இடி விழன்னு ஒருத்தர் கத்துவார், நேயர் அதிருப்தி தெரிவித்தார்னு நான் எழுதுவேன்.

கதை ஒண்ணும் பெருசா இல்ல. லாண்டரியில துணி வாங்கி வெக்கிற பொண்ணு. சீட்டுல நம்பர் எழுதித் துணியில குத்துறது, தட்டுல அடுக்குறது எல்லாம் அவ பொறுப்பு. ஒரு நாள் பின்னறையில ஸ்டூலுக்குப் பக்கத்துல செத்துக் கிடக்கா. மேல் தட்டுலேர்ந்து துணி எடுக்கப் போயித் தவறி விழுந்துட்டான்னு எழுதி மூடிடுறாங்க. விழுந்தாளா, யாராவது தள்ளுனாங்களா? இவ்வளவுதான். இத முப்பத்தாறு வாரமா இழுத்துக்கிட்டிருக்காங்க. முதலாளி ஒரு கதவத் தொறக்க ரெண்டு வாரம். போலீஸ்காரர் இந்த வாரம் டீயக் கையில எடுத்தார்னா அடுத்த வாரம்தான் குடிப்பார்.

ஆனா ஜனங்க விட மாட்டேங்குறாங்கண்ணே. திட்டிக்கிட்டே பாக்குறாங்க. ஒரு அம்மா போன் பண்ணி, எனக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன், பொழைப்பேனோ மாட்டேனோ, கொலைகாரன் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லிடுன்னு அழுதாங்க. எனக்கே தெரியாதும்மான்னேன். நம்பல. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு மறு வாரம் மறுபடி கூப்பிட்டு, இப்பவாவது சொல்லுடின்னாங்க. ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தையே இல்ல. அவர் முதலாளிதாங்குறார், அந்தம்மா முதலாளியோட மச்சான்தாங்குது. ரெண்டு பேரும் தனித்தனியா போன் பண்ணி, அவங்க சொன்னாங்களான்னு என்கிட்ட கேக்குறாங்க. நான் என்ன தரகரா?

வெள்ளச் சட்டை முடிஞ்சுதா? அடேயப்பா, என்ன மடிப்பு. மாட்டி வெச்சுடுங்க. நீலத்துல கை பட்டன் ஒண்ணு லூசா இருக்கும், பாத்துக்கங்க.

இன்னொரு வகையும் இருக்கு. அவங்களுக்குக் கொலையப் பத்திக் கவலையே இல்ல. தன் தொழிலத் தப்பாக் காட்டக் கூடாது, அவ்வளவுதான். நாடி பாக்கறப்போ கட்டை விரல வெச்சாங்களாம், நர்ஸுங்க மட்டும் பதினோரு பேரு போன். ஒரு தச்சர் கூப்பிட்டார். அந்த ஸ்டூலு ஆணி அடிச்சது, நான் பண்ணியிருந்தா முளைகோத்துப் பண்ணியிருப்பேன், அந்தப் பொண்ணு செத்திருக்க மாட்டாங்குறார். என்னத்தச் சொல்ல? சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு.

அந்த வகையில ஒருத்தருக்குத்தான் நாங்க காலர்காரர்னு பேரு வெச்சோம். அவர் போன் பண்றதும் காலரப் பத்தி, போன் பண்றவங்களையும் நாங்க காலர்னுதான் சொல்வோம், ரெண்டுக்கும் சேத்து ஒரே பேரு. மூணாவது வாரமே ஆரம்பிச்சுட்டார். என்னம்மா, அந்த நடிகர் காலர நடுவுலேர்ந்து நுனிக்குத் தேய்க்கிறான், நுனியில சுருக்கம் விழாதா? நுனியிலேர்ந்து நடுவுக்குல்ல வரணும்? அப்புறம், தண்ணி தெளிச்சுச் சுருட்டி வெக்காம யாராவது பருத்தியத் தேய்ப்பாங்களா? இப்படியே வாரா வாரம். நல்ல மனுஷர்ணே. கோபமே படமாட்டார். தப்பப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலம்மான்னு சொல்லுவார். வெள்ளிக்கிழமை காலையில அவர் போன் வரலன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நீங்களும் நுனியிலேர்ந்துதான் வர்றீங்க. பாத்தேன்.

எல்லாரும் கேக்குற கேள்விய அவர் ஒரு நாளும் கேட்டதில்ல. கொலை பண்ணது யாருன்னு. மொதல்ல நான் கவனிக்கல. நோட்டப் பின்னாடி பொரட்டிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது. இருபத்தாறு போன், எல்லாத்துலயும் காலரு, கை மடிப்பு, சூடு. அந்தப் பொண்ணு எப்படிச் செத்தான்னு ஒரு வார்த்தை இல்ல.

இல்லண்ணே, கதவு தொறந்தே இருக்கட்டும். புழுக்கமா இருக்கு. வெளிய ஒரு வண்டி நிக்குதுல்ல, எங்கம்மா உக்காந்திருக்காங்க. நான் அவங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும், கதவ மூடுனா பதறுவாங்க.

எங்க விட்டேன்? ஆங், இருபத்தொம்பதாவது வாரம். அன்னிக்குத்தான் அந்தப் பொண்ணோட கையக் காட்டுனாங்க. வலது கைய மூடியிருக்கா, விரலப் பிரிச்சா உள்ள ஒரு நம்பர் சீட்டு. ஊரே அந்த நம்பரப் பிடிச்சுக்கிட்டுது. யாரு துணி அது, எந்தக் கஸ்டமருன்னு போன் மேல போன். மறுநாள் காலர்காரர் கூப்பிட்டார். குரலே வேற மாதிரி இருந்துச்சு. ஏம்மா, கையில சீட்டு இருக்காது, ஊக்குதான் இருக்கும்னார். நான் எழுதிக்கிட்டேன். தொழில் தெரிஞ்சவர், சீட்டக் குத்துற ஊக்கு கையில இருக்கும்னு சொல்றார், அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் சொன்னார், வலது கையில இல்லம்மா, இடது கையில.

ஏண்ணே இடது கைன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. அந்தப் பொண்ணு இடது கைக்காரியாச்சேன்னார்.

சொன்னதும் போன வெச்சுட்டார். அதோட போனே வரல.

நான் அன்னிக்குச் சாப்பிடல. பழைய வாரமெல்லாம் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேன். அந்த நடிகை எழுதுறது வலது கை, கதவத் தொறக்கறது வலது கை, ஊக்கு குத்துறது வலது கை. ஒரு எடத்துலகூட இடது கையில ஒரு டம்ளர எடுக்கல. அப்போ காலர்காரர் பாத்துக்கிட்டிருந்தது அந்த நடிகைய இல்லண்ணே. டிவியில யாரு நடிச்சாலும் அவர் கண்ணுக்கு வேற ஒருத்திதான் தெரிஞ்சிருக்கா.

நீலமும் முடிஞ்சுதா. கோட்ட எடுங்க. ஆமா, பருத்திதான். தண்ணி தெளிச்சுக்கங்க.

கதை எழுதுறவர் இதத் தானா யோசிக்கல. ஆபீஸ் கேன்டீன்ல ஒருத்தி சாப்பிட்டுக்கிட்டே சொன்ன கதை. அவருக்கு அன்னிக்குக் கையில கதையே இல்ல, இவளுக்கு அத யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு லாண்டரியில இப்படி நடந்துச்சு, விழுந்துட்டான்னு எழுதிட்டாங்கன்னு சொன்னா. ரெண்டு விஷயத்த மட்டும் சொல்லல. பொறி வெக்கணும்னெல்லாம் இல்லண்ணே, அவ்வளவு மூளை யாருக்கு இருக்கு? அது வீட்டு விஷயம், அதனால சொல்லல. செத்துப்போனவளுக்கு இடது கைப் பழக்கம், அது ஒண்ணு. அந்த இடது கைய அவங்கம்மாதான் பிரிச்சாங்க. உள்ள ஒரு ஊக்கு, தொறந்தபடி, உள்ளங்கையில குத்தி நின்னுச்சு. அம்மா அத யார்கிட்டயும் காட்டல. போலீஸ்லயும் சொல்லல. என் பொண்ணுக்கு வலிச்சிருக்குமேன்னு எடுத்துத் துணியில முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. இந்த உலகத்துல அது தெரிஞ்சது அம்மாவுக்கும், கேன்டீன்ல கதை சொன்னவளுக்கும்தான். அப்படித்தான் நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்.

போன் பண்ணா நம்பர் எங்க போன் பெட்டியில தெரியும்ணே. அத வெச்சுக் கண்டுபிடிக்கிறது ஒரு வித்தையே இல்ல. உங்க கடை போர்டுலயே பெருசா போட்டிருக்கீங்க.

நிறுத்தாதீங்க, தேய்ங்க. நான் சண்டை போட வரல. சத்தியமா வரல.

அந்த லாண்டரியில இஸ்திரி போட்டவருக்கு அன்னிக்குக் காய்ச்சல், வேலைக்கே வரலன்னு பேப்பர்ல எழுதியிருக்கு. எங்க சீரியல்லயும் அப்படியே வெச்சாங்க. நாப்பதாயிரம் பேரு போன் பண்ணியிருக்காங்கண்ணே, இஸ்திரிக்காரர் மேல ஒருத்தர்கூடச் சந்தேகப்படல. பாவம், காய்ச்சல்ல படுத்திருக்காருங்குறாங்க. நெசத்துல செத்த பொண்ணும் அவரப் பத்தி நல்லவிதமாத்தான் வீட்ல பேசுவா. இஸ்திரி அண்ணன் மாதிரி ஒரு காலரு யாரும் மடிக்க முடியாதுடின்னு தங்கச்சிக்குப் போன்ல சொல்லுவா. தங்கச்சி அப்போ வேற ஊர்ல படிச்சுக்கிட்டிருந்தா. அதனாலதான் கடைக்குள்ள வந்தப்போ உங்களுக்கு என்னைய அடையாளம் தெரியல.

எழுதி வெச்ச நோட்ட முந்தாநாள் போலீஸ்ல குடுத்துட்டேன். நாளைக்கு வருவாங்க. அவங்க கேக்கப்போறது வேற. தள்ளுனீங்களா, ஏன் தள்ளுனீங்க, ஏன் பொய் சொன்னீங்க, இதெல்லாம் கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்களோ, வக்கீல் என்ன சொல்லச் சொல்லுவாரோ, வருஷக்கணக்கா ஆகும். எங்க சீரியல விட மெதுவா போகும். எங்கம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்ல. அதனாலதான் போலீஸுக்கு முன்னால நான் வந்தேன்.

எங்கம்மா ஏழு வருஷமா போனக் கையால தொடுறதில்ல. அன்னிக்குக் காலையில பதினோரு மணிக்கு அவங்கதான் கடைக்குப் போன் பண்ணாங்க. ஒண்ணுமில்லாத விஷயம், வீட்டுச் சாவிய எங்கடி வெச்சேன்னு கேக்க. மணி ரொம்ப நேரம் அடிச்சுது. அப்புறம் யாரோ எடுத்தாங்க. பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. வெச்சுட்டாங்க. போலீஸ்ல சொன்னா, லைன் கோளாறும்மான்னு அனுப்பிட்டாங்க. அன்னிலேர்ந்து எங்கம்மாவுக்கு ஒரே நெனப்புதான். நான் போன் பண்ணதாலதான் என் பொண்ணு பதறி எறங்கி விழுந்தா, நான்தான் அவளக் கொன்னேன். சோறு போட்டா அத சொல்லுவாங்க, தலை சீவி விட்டா அத சொல்லுவாங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். எனக்கே தெரியாத ஒண்ண எப்படி அடிச்சுச் சொல்ல முடியும்?

போன எடுத்து வெச்சவருக்குத் தெரியும்ல.

அதனால நீங்க வேற எதுவும் சொல்ல வேண்டாம். என்ன சண்டை, யாரு மொதல்ல கை வெச்சா, எதுவும் வேண்டாம். அந்தக் கோட்டத் திருப்பிப் பாருங்க, எங்கக்கா வேலைக்குப் போட்டுக்கிட்டது. ஊக்கு போட்டு வெக்கிற பை அந்த லாண்டரியில எல்லாருக்கும் வலது பக்கம் இருக்கும். இதுல மட்டும் பிரிச்சு இடது பக்கம் மாத்தித் தச்சிருக்கும். எங்கக்காவே தச்சது. எங்கம்மா துவைச்சு வெச்சிருந்தாங்க, தேய்க்க மட்டும் மனசு வரல.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். வெளிய போயி அத எங்கம்மாகிட்ட சொல்லிட்டு நான் கெளம்பிடுறேன். போன் மணி அடிச்சப்போ எங்கக்கா ஸ்டூல் மேல நின்னாளா, இல்ல அதுக்கு முன்னாலயே கீழ கெடந்தாளா?

அண்ணே.

பெட்டியத் தூக்குங்கண்ணே, கோட்டு கருகுது.