ஒரு தள்ளுவண்டி நிலக்கரி ஓடிய நாள் பற்றி

மூன்றாம் சாட்சியாகிய என் பெயர் வழக்குக் கோப்பில் உள்ளது. வேலையிடத்தில் எல்லோரும் என்னை பெல்ட்காரர் என்றே அழைப்பார்கள். வயது அறுபத்து மூன்று. அனல்மின் நிலையக் குடியிருப்பு, இரண்டாம் வரிசை, கடைசி வீட்டில் மனைவியுடனும் மகளுடனும் வசிக்கிறேன். உறுதிமொழி எடுத்துக்கொண்டு நான் சொல்வதாவது:

நான் முப்பத்தோரு ஆண்டுகள் அந்த நிலையத்தில் கன்வேயர் பெல்ட் இயக்கும் வேலை பார்த்தேன். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, தூண்களின் மேல் ஓடும் இரண்டரை கிலோமீட்டர் பெல்ட் வழியாக நிலையத்துக்கு வரும். அந்தப் பாதை நடுவில் வாதியாகிய தையற்கார அம்மாவின் நிலத்தைக் கடக்கிறது. அவருடைய தகப்பனார் எழுதிக் கொடுத்த பத்திரம் எனக்குக் காட்டப்பட்டது. நிலக்கரி கொண்டுசெல்ல மட்டுமே வழி என்றும், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நிலக்கரி செல்லாவிட்டால் உரிமை முடிந்து நிலம் குடும்பத்துக்கே திரும்பும் என்றும் அதில் உள்ளது. அது நான் வேலைக்குச் சேருமுன் எழுதப்பட்டது.

பெல்ட் வாதியின் வீட்டு முற்றத்துக்கு மேலே செல்லும். கரித்தூள் விழும் என்பதால் அவர் வெள்ளைத் துணி தைக்க வாங்குவதில்லை. வாசலில் அப்படி ஒரு பலகையே இருந்தது. நான் மேலே உருளைகளைச் சோதித்துக்கொண்டு நடக்கும்போது, "அண்ணே, இன்னைக்கு எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க? துவைச்சதைக் காயப்போடணும்" என்று கீழேயிருந்து கேட்பார். நான் விரல்களைக் காட்டுவேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பேச்சு இவ்வளவுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கப்பலின் நிலக்கரியை இறக்கி முடித்தோம். அதன் பிறகு நிலையம் மூடப்பட்டது. பராமரிப்புக்கு ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் ஒருவன். எங்களுக்கு மேற்பார்வையாளர், எல்லோரும் சைரன் என்று கூப்பிட்ட அண்ணன். அவர் கூப்பிட்டால் கப்பலில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். பெல்ட் நின்ற பிறகும் நாங்கள் கத்தியே பேசிக்கொண்டிருந்தோம். "வீட்டுக்குள்ள என்ன பெல்ட்டா ஓடுது?" என்று என் மனைவி கேட்பாள். ஒரு உருளை தேய்ந்தால்கூடச் சத்தத்தை வைத்தே எத்தனையாவது தூணில் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்கு அதன் பிறகு வேலையில்லை.

கடைசிக் கப்பல் போய்ப் பதினான்கு மாதங்கள் கழித்து நான் ஓய்வு பெற்றேன். அன்று காலை சைரன் அண்ணன் என்னை அழைத்து, "கடிகாரம் எல்லாருக்கும் குடுக்கிறதுதான். உனக்கு வேற என்னடா வேணும்?" என்று கேட்டார். "ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமாண்ணே?" என்று நான் கேட்டேன்.  அவர், "வெறும் பெல்ட்டு ஓடினா அது ஓட்டமாடா?" என்று சொல்லிவிட்டு, அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஐந்து பேரும் ஏழாம் தூணுக்கடியில் சிந்திக் கிடந்த நிலக்கரியைச் சுரண்டி எடுத்தோம். ஒரு தள்ளுவண்டிதான் தேறியது.

அதன் பிறகு மற்றவர்கள் துறைமுக முனையில் நிலக்கரியைப் பெல்ட்டில் கொட்டுவது என்றும், நான் வழியில் நின்று சத்தத்தைக் கேட்பது என்றும் முடிவு செய்தோம். நான் வாதியின் வீட்டருகே உள்ள தூணில் ஏறி நின்றேன். பத்து இருபதுக்குப் பெல்ட் ஓடத் தொடங்கியது. சத்தம் கேட்டதும் வாதி வெளியே ஓடிவந்து, கொடியில் கிடந்த சட்டைகளை அள்ளினார். எல்லாம் வெள்ளைச் சட்டைகள். வாசல் பலகை எடுக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "யாரைக் கேட்டு ஓட்டறீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினார். நான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு எனக்குக் கடைசி நாள்மா" என்றேன். 

அந்த நிலக்கரி பத்தடி நீளம்கூட இல்லை. நாலைந்து விநாடியில் எங்களைக் கடந்து போய்விட்டது. அதன் பின்னால் வெறும் பெல்ட் ஓடியது. அது நிற்கும்வரை வாதி சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்திலேயே நின்றார். நின்ற பிறகு, "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் இறங்கிவர நேரம் பிடித்தது. கண் சரியாகத் தெரியவில்லை.

மறுமுனையில் அதே அளவு நிலக்கரியை வேறொரு தள்ளுவண்டியில் பிடித்துக்கொண்டார்கள். யாரும் அதை எரிக்கவில்லை. அதன் பிறகு சைரன் அண்ணன் பதிவேட்டை எடுத்து எழுதினார். அளவு என்ற கட்டத்தில் டன் என்று முன்பே அச்சாகியிருக்கும். அவர் அதில் ஒன்று என்று விளையாட்டாகப் பதிந்து, "உன் கணக்குல ஒரு டன்னுடா" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டேன். அவர் சென்ற ஆண்டு இறந்துவிட்டார்.

நிலையத்தை இப்போது பிரதிவாதியாகிய சூரிய மின் நிறுவனம் வாங்கியுள்ளது. கரி குவித்த மைதானத்தில் தகடுகள் பதித்து, மின் கேபிளைப் பெல்ட் தூண்களின் வழியே கொண்டுசெல்ல அவர்கள் வேலை தொடங்கியபோது வாதி வழக்குத் தொடுத்தார். என் மகள் அந்த நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளர். இரண்டு மாதங்களுக்கு முன் நிறுவனத்தின் சட்ட அலுவலர் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலுடன் என் வீட்டுக்கு வந்தார். கடைசிக் கப்பலிலிருந்து கணக்கிட்டால் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன, இந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டால் கடக்கவில்லை, வழியுரிமை இன்னும் இருந்தால் கேபிளுக்கும் அதையே கேட்கலாம் என்று விளக்கினார். "நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம் சார். கையெழுத்து உங்களுதுன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றார்.

அவர் போன பிறகு என் மகள், "என் வேலையை நினைச்சுத்தானே யோசிக்கறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வேலை போனா வேற பாத்துக்கலாம்ப்பா. அந்தத் தாளை வெச்சுக் கேபிள் இழுத்தா, அந்த வீட்டைத் தாண்டறப்பல்லாம் நான்தான் தலை குனியணும்" என்றாள்.

பிரதிவாதி வழக்கறிஞர் கேட்டதற்குச் சொல்கிறேன்: கையெழுத்து என்னுடையது. நிலக்கரி அந்த நிலத்தைக் கடந்தது உண்மை. ஆனால் அதை நிலையத்தின் வேலைக்காகக் கொண்டுபோகவில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்பதற்காக ஓட்டினோம். மேலதிகாரி யாரும் ஓட்டச் சொல்லவில்லை. எனக்கு இதனால் ஓய்வூதியத்தில் சிக்கல் வரலாம் என்று சொல்லப்பட்டது. தெரிந்தே சொல்கிறேன்.

இன்று இடைவேளையில் நீதிமன்ற நடைக்கூடத்தில் வாதி என்னருகே வந்து, "பொண்ணுக்கு அங்கதானே வேலை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கேபிள் போகட்டும்ணே. நான் வேண்டாங்கல. என்கிட்ட கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். இடைவேளைக்குப் பிறகு, பழைய பத்திரம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் மின்சாரத்துக்கென்று புதிய பத்திரம் எழுதித் தர வாதி சம்மதிக்கிறார் என்று அவருடைய வழக்கறிஞர் தெரிவித்தார். பிரதிவாதி தரப்பில் யோசிக்க அவகாசம் கேட்டார்கள்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அளவு பற்றிய வரியில் "மேற்பார்வையாளர் பொய்யாகப் பதிந்தார்" என்று இருந்தது. அவர் இப்போது பதில் சொல்ல முடியாதவர் என்பதால் அதை மாற்றும்படி கேட்டுக்கொண்டேன். "பிரியத்தால் பதிந்தார்" என்று எழுத முடியுமா என்று கேட்டேன். சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை என்று கூறப்பட்டது. "விளையாட்டாகப் பதிந்தார்" என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே உள்ளது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நடந்ததையே சொன்னேன்.

(ஒப்பம்) மூன்றாம் சாட்சி