டாக்டரைக் கும்பிடாதே

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண் காட்ட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஆள் ஒருவன், அவன் பெண்சாதி. தோல் சுத்துகிற டிரம்மில் வலது கை சிக்கி, தோள் மூட்டு கெட்டுப்போய்விட்டதாம். எவ்வளவு ஊனம் என்று டாக்டர் பார்த்து எழுதினால்தான் நஷ்டஈடு.

“டாக்டரக் கும்பிடாதய்யா,” என்றாள் அவள்.

“பெரிய மனுஷன் எதிர்ல மரம் மாதிரி நிக்கச் சொல்றியா?”

“போன தபா பல்லக் கடிச்சிக்கினு ரெண்டு கையும் தூக்கிக் கும்பிட்டே. கை நல்லா எழும்புதுன்னு எழுதிட்டாரு. மறுபடி பாக்கச் சொல்லி நான்தான் நாயா அலைஞ்சேன்.”

“வலிக்குதான்னு அவரு கேக்கலியே.”

“கேட்டாரு. பரவால்ல சார்ன்னே.”

“நாலு பேர் எதிர்ல வேற இன்னா சொல்றதாம்?”

“தெனம் நான்தான் குளிப்பாட்டி உடறேன்னு சொல்லு.”

“ஆம்பள சொல்ற பேச்சாடி அது?”

“அப்ப வா, வீட்டுக்குப் போலாம். ராவுக்கு உன் ஆம்பளத்தனத்தையே வடிச்சிக் கொட்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

பியூன் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அவன் மட்டும் உள்ளே வரணும் என்றான்.

அவன் எழுந்து நின்று, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “இவளும் வரணும் ஐயா. சட்டை கழட்ட எனக்குக் கை வராது.”