எல்லா எஞ்சினுக்கும் ஒன்பது

திருச்செங்கோடு பேருந்தில் முன் இருக்கையில் இருந்த லாரி முதலாளி, பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் சொன்னார்:

“ஒரு எஞ்சினைக் கெளப்புனா மூணும் சேந்து கெளம்புது மாப்ள. நேத்து ஒண்ணு மேசையிலிருந்து உழுந்திருச்சு.”

மேசைமேல் ஓடும் பொம்மை ரயில் என்று புரிந்தது. அடுத்தவர் பேச்சென்றால் எனக்குக் காது நீண்டுவிடும்.

“ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி நம்பர் வெக்கோணுங்க மாமா. ரிமோட்டுல அந்த நம்பரை அமுக்குனா அது மட்டும் ஓடும். நீங்க என்ன வெச்சீங்க?”

“மூணுக்கும் ஒம்பது.”

“ஏனுங்க?”

“நம்ம லாரி நம்பர் எதைக் கூட்டுனாலும் ஒம்பதுதான வருது. ராசியை உட முடியுமா? ஆனா இன்னொண்ணு உழுந்தா மேசையையே வெளிய போட்டுருவேங்கறா உங்கக்கா.”

மைத்துனர் யோசித்தார். நானும் யோசித்தேன். அதற்குள் நான் இறங்க வேண்டிய மல்லசமுத்திரம் போய்விட்டது.

“ஒண்ணுக்கு ஒம்பது, இன்னொண்ணுக்குப் பதினெட்டு, மூணாவதுக்கு இருவத்தேழு வெச்சுப் பாருங்க. எதைக் கூட்டுனாலும் ஒம்பதுதானுங்க மாமா.”

முதலாளி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

“அப்ப முப்பத்தாறு சும்மா கெடக்குதே மாப்ள. அதுக்கொரு எஞ்சின் வாங்கீரலாம். உங்கக்காகிட்ட நீதான் பக்குவமாச் சொல்லோணும்.”