லோமேயில் கேட்ட ஹெலி

ஹெலி. தலைக்கு மேல். மிகத் தாழ்வாக.

"படு! படுங்கோ!"

நான்தான் கத்துகிறேன். முகம் மணலில் கிடக்கிறது. டப டப டப. சத்தம் முதுகில் விழுகிறது. இனிச் சுடுவான். சுடவில்லை. சத்தம் கடல் பக்கமாகப் போகிறது.

யாரோ சிரிக்கிறார்கள்.

"அக்கா, எழும்புங்கோ. இது மன்னாரில்லை. ஏதோ அரசாங்க விழாவாம். ஆபிரிக்காவுக்கு வந்தும் பதுங்க பங்கர் தேடுறியளோ?"

எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன்.

தலையை நிமிர்த்தினேன். லோமே. டோகோவின் தலைநகர். 1986. நாங்கள் வந்திறங்கியது முந்தின நாள்தான். இங்கிருந்து சுவிசுக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருந்தான்.

சந்தைத் தெரு. தார் இல்லை, மணல். இரைகிற மோட்டார் சைக்கிள்கள். தலையில் துணிக்கட்டுகளோடு பெண்கள். காய்ந்த மீன் மணம். பிரெஞ்சுப் பலகைகள். ஒரு எழுத்தும் விளங்கவில்லை. தெரு முனையில் துவக்கோடு நின்ற இராணுவத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தான். சீருடையில் ஒருவன் சிரித்து நான் கண்டதில்லை. அதுவும் பயமாக இருந்தது.

மகள் ரெஜினாவைக் காணவில்லை. ஒன்பது வயது.

ஊரில் பழக்கியது இது. ஹெலி வந்தால் பிள்ளைகள் மரங்களுக்கு ஓட வேண்டும். ஆளுக்கொரு பக்கம். எல்லோரும் ஒரே இடத்தில் சாகக் கூடாது. சத்தம் அடங்கியதும் அந்தோனியார் கோவிலடியில் கூட வேண்டும்.

அவள் ஓடிவிட்டாள்.

"பொலிசிட்டைப் போகலாமோ?"

"விசரே அக்கா? உங்கட கள்ளப் பாஸ்போர்ட்டைப் பாத்தானெண்டால் எல்லாரும் உள்ளுக்க."

தென்னைகளுக்கிடையே தேடினேன். துணிக்கடைகளுக்குள் தேடினேன். அவள் பெயரைக் கத்தினேன். அந்த நகரத்தில் என் குரலை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. சந்தைக்கு மேலே தேவாலயக் கோபுரம் தெரிந்தது. போகாமல் விட்டேன். அங்கேதான் போயிருப்பாள் என்று தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை.

போன வருடம் ஊரில் ஹெலி சுட்டுவிட்டுப் போனதும் கோவிலடிக்குத்தான் போனேன். நானும் ரெஜினாவும் பொழுதுபடும் வரை வாசலில் நின்றோம். மூத்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பனங்காணிக்குள் கிடந்தானாம். என் கணவர் வரவேயில்லை.

இனி வேறு எங்கேயும் தேட இடமில்லை. ஒரு துணிக்கடைக்காரி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். அழுகையையும் பார்த்தாள். கையைப் பிடித்துக் கோபுரத்தின் பக்கம் இழுத்தாள். செபிக்கக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்தேன்.

வாசற்படியில் ரெஜினா. ஒரு காலில் செருப்பில்லை. அழவில்லை.

"ஏனம்மா இவ்வளவு நேரம்? அப்பா மாதிரி நீங்களும் வராம விட்டிடுவியளோ எண்டு நினைச்சன்."

துணிக்கடைக்காரி தன் மொழியில் ஏதோ சொல்லி என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

இப்போது சுவிசில், பீல் நகரத்தில் இருக்கிறோம். நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறேன். மலையில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு இங்கேயும் ஹெலி பறக்கிறது. வந்த அன்றைக்கே ரெஜினா கேட்டது ஒன்றுதான்.

"இஞ்ச கோவில் எங்கயம்மா?"

காட்டினேன். வழியை இரண்டு தரம் நடந்து பழகினோம்.

கணக்கு இது. மன்னாரில் நாலு பேர் ஓடினோம். கோவிலடியில் உயிரோடு இரண்டு பேர். என் கணவரின் உடல் கிடைக்கவில்லை. மகன் அன்ரனுக்கு வயது பதினாறு. வீடு எரிந்தது.

லோமேயில் இரண்டு பேர் பிரிந்தோம். இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம்.

ஒரு செருப்புத் தொலைந்தது.